கிழக்குக் கரையில் ஒரு நாள்

கடல் கடந்த தீவுகளைக் காண விழைவோர் பலர். தாம் பிறந்த தீவின் கரையை அறிந்தோர் சிலரே. ஆலையடிவேம்பைச் சேர்ந்த இளந்தம்பதியர் இருவர் ஒருநாள் ஸ்கூட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தெற்கே புறப்பட்டனர்.

திருக்கோவிலில் சித்திர வேலாயுத சுவாமியை வணங்கினர். ஆலயத்தை அடுத்துக் கடல். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையில் தாயைப் பறிகொடுத்தபோது அவள் சிறுமி. அன்றுமுதல் கரையை மிதித்ததில்லை. இம்முறையும் வெளிவீதியிலேயே நின்றுவிட்டாள். கணவன் வற்புறுத்தவில்லை.

வழியில் சங்கமன்கண்டி முனை; இலங்கையின் கிழக்குக் கோடி அதுவே. 2009 இல் முடிவுற்ற போரின் காலத்தில் இவ்வீதியில் ஊர் பார்க்கவெனச் சென்றோர் அரியர். இன்றோ அறுகங்குடாவின் அலைகளில் சறுக்கி விளையாடப் பல நாட்டவரும் வருகின்றனர்.

பொத்துவிலில் தேநீர்க் கடை நடத்தும் முஸ்லிம் மூதாட்டியிடம் அவள் தன் அச்சத்தைச் சொன்னாள். "எங்கட வீட்டிலயும் ரெண்டு பிள்ளைகள் போனதுதான் மகள். அதுக்காகக் கரைவலை இழுக்காம இருந்தா உலை வைக்கிறது எப்படி?" என்றார் அவர். தேநீருக்குக் காசு வாங்கவும் மறுத்துவிட்டார்.

கடல் அன்று தமிழர், முஸ்லிம் என்று பார்த்து அள்ளிச் செல்லவில்லை. அத்துயரை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத்தான் இத்தனை ஆண்டுகள் சென்றன. மாலையில் அறுகங்குடாவில் செருப்பைக் கழற்றிவிட்டு, கணுக்கால் நனையுமட்டும் அவள் நீரில் நின்றாள்.