குட்டியைக் காக்கும் கணக்கு

சொந்த ஊர் உசிலம்பட்டி என்றதும் "கள்ளிப்பால் ஊரா?" என்பார்கள். அதனாலோ என்னவோ, கிர் சிங்கங்களைப் பற்றி வாசித்தபோது வேட்டையைவிடக் குட்டிகளிடமே மனசு நின்னுடுச்சு.

கிர் காட்டில் ஆணும் பெண்ணும் பெரும்பாலும் தனித்தனிக் கூட்டம். பெண்கள் சேர்ந்து புள்ளிமானை மடக்கும். ஆண்களும் சும்மா உட்கார்ந்து தின்பதில்லை; தாமே வேட்டையாடும். ஆனால் எல்லையைப் புதிதாகப் பிடிக்கும் ஆண், முந்தைய ஆணின் குட்டிகளைக் கொல்லும். குட்டி போனால் தாய் சீக்கிரமே மறுபடி இணைசேரும்.

தாய் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அக்கம்பக்கத்து ஆண் கூட்டங்கள் பலவற்றோடும் இணைகிறது. எது தன் குட்டி என்று எந்த ஆணுக்கும் தெரியாது, அதனால் விட்டுவிடும். இந்திய ஆய்வாளர்கள் 2019இல் இதை வெளியிட்டார்கள்.

எங்க ஊர்த் தாயைக் கொலைகாரி என்பது சுலபம். வரதட்சணையும் மாமியார் வீடும் அவளுக்கு எந்த வழியை மிச்சம் வைத்தன?