'கிகா' என்றொரு சொல்

வேற்று நாட்டவர் ஒருவர் ஜப்பானியக் குடிமகன் ஆவதை ஜப்பானிய மொழியில் 'கிகா' என்பார்கள். இது இரண்டு சீன எழுத்துகளால் ஆன சொல். முதல் எழுத்துக்குத் திரும்பி வருதல் என்று பொருள், இரண்டாவதற்கு மாறுதல். பழைய சீனத்தில் அரசனின் அறத்துக்குப் பணிந்து அவன் வழிக்கு மாறுவதை இச்சொல் குறித்தது.

செடிகளுக்கும் இதே சொல்தான்! ஐரோப்பாவிலிருந்து வந்து ஜப்பானில் தானாகவே பரவிவிட்ட மஞ்சள் பூச்செடியான டேன்டலியன் ஒரு 'கிகா' தாவரம்.

கிரேக்கத் தீவில் பிறந்த எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்ன் 1896-ல் கிகா பெற்று கொய்சுமி யாகுமோ ஆனார். அவர் வெளியிலிருந்து வந்தவர், விரும்பி மாறியவர். சொல் அவருக்குப் பொருந்துகிறது.

ஆனால் ஜப்பானில் வாழும் கொரியர்களுக்கு? 1910-ல் கொரியாவை ஜப்பான் இணைத்துக்கொண்டபோது அவர்கள் ஜப்பானியப் பிரஜைகள் ஆக்கப்பட்டார்கள். 1952-ல் அந்த உரிமை போய்விட்டது. அங்கே குடியுரிமை பெற்றோர் வழியாக வருவது, பிறந்த மண்ணால் அல்ல. அதனால் ஒசாகாவில் பிறந்து, ஜப்பானிய மொழி மட்டுமே தெரிந்த பேரப்பிள்ளைகளும் குடியுரிமைக்குக் கிகா விண்ணப்பம்தான் போடவேண்டும்.

எங்கும் போகாதவர் எங்கிருந்து திரும்பி வருவது? அவர்களில் சிலர் இன்னும் விண்ணப்பிக்காமல் இருப்பதற்கு இந்தச் சொல்லின் கசப்பும் ஒரு காரணம்.