ஒரே பெயரில் இருவர்

சென்ற கோடை விடுமுறையை என்னால் மறக்க இயலாது. சுண்ணாம்புக்குளம் பக்கத்தில் மருத்துவர் ஒருவர் சிறிய மருத்துவமனை நடத்தி வருகிறார். அங்கிருந்த பழைய நோட்டுப் புத்தகங்களைக் கணினியில் ஏற்ற ஆள் தேவை என்றார்கள். தட்டச்சு தெரியும் என்ற துணிவில் போய் நின்றேன். "நோட்டு தொலைந்தாலும் என் தலை தொலையாது தம்பி" என்று சிரித்தார் மருத்துவர். ஆனால் அவருக்கும் வயதாகிறதே!

பழவேற்காடு ஏரி தமிழகத்துக்கும் ஆந்திரத்துக்கும் பொதுவானது. எங்கள் மக்கள் காய்ச்சலுக்கு இங்கே வருவார்கள். முற்றிவிட்டால் சூலூர்பேட்டைக்கோ பொன்னேரிக்கோ, அதற்கும் மேல் சென்னை ஸ்டான்லிக்கோ ஓடுவார்கள். திரும்பி வரும்போது கையிலிருக்கும் சீட்டு சில வேளை தெலுங்கில் இருக்கும். சில வேளை நனைந்து மை கரைந்திருக்கும். 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுமைக்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் இதற்கொரு வழி சொல்கிறது. ஒவ்வொருவருக்கும் 14 இலக்கத்தில் ஓர் 'ஆபா' எண். நோயாளி இசைந்தால், இத்திட்டத்தில் சேர்ந்த வேறொரு மருத்துவமனையும் அவருடைய பழைய பதிவுகளைப் பார்க்கலாம்.

சொல்வதற்கு எளிதுதான். எண் வாங்க, பெரும்பாலும் ஆதாரோடு இணைத்த கைப்பேசிக்கு ஓ.டி.பி. வரவேண்டும். அந்தக் கைப்பேசியோ மகனின் சட்டைப்பையில், ஏரி நடுவே இருக்கும்! படகு கரை சேரும் வேளைக்கு நானே துறைக்குப் போய்க் காத்திருந்த நாட்கள் உண்டு.

வேகமாகத் தட்டுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். அங்கேதான் சறுக்கினேன். ஒரே குப்பத்தில், ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே வயதில் இரண்டு பெண்மணிகள். ஒருவருடைய பக்கத்தில் சிவப்பு மையில் 'பென்சிலின் ஆகாது' என்று எழுதியிருந்தது. அதை நான் மற்றவருடைய பதிவில் ஏற்றிவிட்டேன்.

பத்து நாள் கழித்து, கெளுத்தி முள் குத்தி வீங்கிய கையோடு அந்த ஆயா வந்தார். அன்று மருத்துவர் வெளியூர் போயிருந்தார். அவருக்குப் பதிலாக வந்திருந்த இளம் மருத்துவர் கணினியைப் பார்த்துவிட்டு அமாக்சிசிலின் எழுதினார். அதுவும் பென்சிலின் இனமே. மருந்து எடுத்துக் கொடுக்கப் போன செவிலியர் அக்கா சட்டென்று நின்றார். "இருங்க டாக்டர், இந்த ஆயாவுக்குத்தான் முன்னே ஒரு தடவை ஊசி போட்டு மூச்சு முட்டிப் போச்சு" என்றார். பழைய நோட்டைப் புரட்டினோம். சிவப்பு மை அப்படியே இருந்தது. எனக்குக் கை நடுங்கியது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அன்றிரவே முதல் பதிவிலிருந்து மீண்டும் சரிபார்க்கத் தொடங்கினேன். கணவர் பெயரைச் சேர்த்தேன். பட்டப்பெயருக்குக் கணினியில் இடமில்லை. ஊரிலோ பட்டப்பெயர் சொன்னால்தான் ஆள் தெரியும்! முகவரிக் கட்டத்தில் 'இறால்கார ஆயா' என்று சேர்த்து எழுதினேன்.

விடுமுறை முடியும் நாளில், பழைய நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடலாமா என்று யாரோ கேட்டார்கள். மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் அவற்றைத் துணியில் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டு வந்தேன்.