ஒரு தாளின் கனம்

அக்டோபர் 4, 2025, சனி

அருகிலிருந்த சுடுதளம் மூடப்பட்டுவிட்டது. தரையோடு சேர்த்து வார்த்த கான்கிரீட் மேசைகள் அங்கே இருந்தன. அவற்றின் மேல் துப்பாக்கியை வைத்துக் குறி சரிபார்ப்பது வடக்கு விஸ்கான்சினில் இலையுதிர்காலத்தின் வழக்கமான வேலை. இனி மேசையை நாமே தூக்கிக்கொண்டு போக வேண்டும். எந்த மேசை என்பது சின்னக் கேள்வியாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதனால்தான் தேதி போட்டு எழுதத் தொடங்குகிறேன். துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் நவம்பர் 22-ஆம் தேதி, நன்றி தெரிவிக்கும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை, தொடங்குகிறது. மொத்தம் ஒன்பது நாள். அதற்குள் ஒவ்வொரு ரைஃபிளையும் ஜீரோ செய்தாக வேண்டும். ஸ்கோப்பின் குறுக்குக்கோடு காட்டும் இடமும் குண்டு போய் விழும் இடமும் குறித்த தூரத்தில் ஒன்றாகும்வரை திருகுகளைத் திருப்ப வேண்டும் என்று பொருள். இதைச் செய்யாமல் காட்டுக்குள் போகிறவன் மானைக் காயப்படுத்தவே போகிறான். குடலில் குண்டு வாங்கிய மான் சாகப் பல மணி நேரம் ஆகும். மேசையைப் பற்றிய கவலை அங்கிருந்துதான் வருகிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

கையில் எடுத்துச் செல்லும் மேசைகளை எல்லாரும் எடையை வைத்தே ஒப்பிடுகிறார்கள். கனமானது ஆடாது என்பது பொது நம்பிக்கை. பாதி உண்மை. மேசை எப்படி ஆடுகிறது என்று பிரித்துப் பார்த்தால் கணக்கு வேறாகிறது. மேசை முழுவதும் பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், 100 கெஜத்தில் நிற்கும் அட்டையில் குண்டும் ஒரு மில்லிமீட்டர்தான் தள்ளி விழும். கண்ணுக்கே தெரியாது. அதே மேசை சற்றுச் சாய்ந்து, பின்கட்டையைத் தாங்கும் மணல் பை மட்டும் ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தால் என்ன ஆகும்? முன்பைக்கும் பின்பைக்கும் இடைவெளி சுமார் 60 சென்டிமீட்டர். 100 கெஜம் என்பது 91.44 மீட்டர். வகுத்துப் பெருக்கினால் குண்டு 15 சென்டிமீட்டர் மேலே போகிறது. ஒரு தாளின் கனம், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு சாய்ந்தாலே ஒன்றரை சென்டிமீட்டர். வேட்டை ஸ்கோப்புகளில் பெரும்பாலும் திருகின் ஒரு க்ளிக் என்பது கால் மினிட் கோணம். 100 கெஜத்தில் அது சுமார் ஆறரை மில்லிமீட்டர். அந்த ஒரு க்ளிக்குக்கு ஈடான அசைவு பின்பையில் தாளின் பாதிக் கனம்கூட இல்லை. ஆகவே மேசை நகர்வதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், சாய்வதைப் பற்றியே கவலைப்பட வேண்டும். கனமான மேசையும் முறுக்கிக்கொண்டால் பயனில்லை. இலேசான மேசையாக இருந்தாலும் கால்கள் அகல விரிந்து, பலகை வளையாமல், இணைப்புகளில் ஆட்டம் இல்லாமல் இருந்தால் போதும்.

அக்டோபர் 8, புதன்

நான்கு கால் வேண்டாம். மேடுபள்ளமான நிலத்தில் நான்காவது கால் எப்போதும் அந்தரத்தில் நிற்கும். முக்காலி எங்கே வைத்தாலும் மூன்று காலிலும் ஊன்றும்.

அக்டோபர் 12, ஞாயிறு

என் கணக்குக்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானது. மேசை சாய்ந்தால் குறுக்குக்கோடும் சேர்ந்து சாய்கிறது. சுடுகிறவன் அதைக் கண்ணால் பார்த்து, மறுபடி இலக்குக்குக் கொண்டுவந்த பிறகே விசையை அழுத்துகிறான். அப்படியிருக்கச் சாய்வால் என்ன கெடுதல்? மெல்லப் புதையும் கால், மெல்ல அமுங்கும் பை போன்றவற்றுக்கு இந்த மறுப்பு சரி. அந்தப் பிழை தானாகத் திருத்தப்பட்டுவிடும். ஆனால் குறி சரியாக இருக்கிறது என்று கண் கண்டுகொண்டு விரல் அழுத்தி முடிப்பதற்குள் நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது கழிந்துவிடும். அந்த இடைவெளியில் நடக்கும் அசைவைத் திருத்த யாராலும் முடியாது. மூச்சும் இதயத்துடிப்பும் தோளின் இறுக்கமும் விரலின் இழுப்பும் அந்த இடைவெளியில்தான் வேலை செய்கின்றன. அதனால் மேசைக்குக் கேட்க வேண்டிய கேள்வி இது: உட்கார்ந்திருப்பவனின் உடல் அசைவு பலகைக்குப் போய்ச் சேருகிறதா?

இருக்கையும் பலகையும் ஒரே இரும்புக் கம்பத்தால் இணைந்த மாதிரிகள் நிறைய விற்கின்றன. மடித்து வண்டியில் ஏற்ற வசதி, உட்கார்ந்தால் நம் எடையே மேசையை நிலத்தில் அழுத்தும் என்று அவற்றுக்காகச் சொல்லப்படுகிறது. அழுத்துவது உண்மைதான். ஆனால் அழுத்தும் எடை உயிருள்ள எடை. அது மூச்சு விடுகிறது, இடுப்பை மாற்றி உட்காருகிறது, அத்தனையும் கம்பத்தின் வழியே பின்பைக்கு ஏறுகிறது. இவற்றில் சில முழு வட்டமாகச் சுழலவும் செய்யும். தெற்கு டகோட்டாவின் புல்வெளியில் ப்ரேரி நாய் எனப்படும் வளைதோண்டி அணில்களைச் சுடுகிறவர்களுக்குச் சுழற்சி தேவை. நாலு திசையிலும் இலக்கு எழும்பும். ஜீரோ செய்ய வருகிறவனுக்கு ஒரே திசைதான், இலக்குக்குப் பின்னே மண்மேடு நிற்கும் திசை. 1973 ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள் விஸ்கான்சினில் வேட்டை உரிமம் வாங்க எடுத்தாக வேண்டிய பாதுகாப்புப் பயிற்சியில், துப்பாக்கியின் வாயை எப்போதும் ஆபத்தில்லாத திசையில் வைத்திரு என்பது முதன்மை விதிகளில் ஒன்று. சுழலும் இருக்கை அந்த விதிக்கு எதிராகவே உடலை இழுக்கும். தனி முக்காலிப் பலகையும் தனி இருக்கையும் வாங்குவதே நல்லது. தூக்க இரண்டு நடை ஆகும். ஆகட்டும்.

அக்டோபர் 19, ஞாயிறு

மாசசூசெட்ஸ் மாநிலத்து மில்ஃபோர்டில் வாழ்ந்த ஃப்ராங்க்ளின் மேன் மருத்துவம் படித்தவர். கோழித் தீவனத்துக்கு எலும்பு வெட்டும் இயந்திரத்தை உருவாக்கியவர். குண்டுகள் ஏன் ஒரே துளையில் விழுவதில்லை என்ற கேள்விக்குப் பல ஆண்டுகளைக் கொடுத்து, 1909-இல் நூலாக வெளியிட்டார். தாங்கியின் பிழையையும் குண்டின் பிழையையும் பிரித்தறியாமல் எதையும் சொல்ல முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நிலத்தில் ஊன்றிய கான்கிரீட் தூண் ஒன்றை அமைத்து, அதற்கு ஜிப்ரால்டர் பாறையின் பெயரை வைத்தார். மரக்கட்டையைக் கழற்றிய வெறும் குழலை அதன்மேல் 'வி' வடிவப் பள்ளத்தில் கிடத்திச் சுட்டார். மனிதனின் தோளையும் கன்னத்தையும் மூச்சையும் சோதனையிலிருந்து வெளியே அனுப்பினார். குண்டைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அது சரியான வழி. வேட்டைக்காரனுக்கு அது சரியான வழிதானா என்று இன்று மாலை முழுவதும் யோசனை. குழல் மட்டும் காட்டுக்குப் போவதில்லையே.

அக்டோபர் 20, திங்கள்

மேசைகளின் விலையைப் பார்க்கச் சோர்வாக இருக்கிறது. எதுவும் முடிவாகவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

மேன் எழுப்பிய தூணின் மலிவுப் பதிப்பாக, ஈயக்குண்டுப் பைகளை ஏற்றி எடைகூட்டும் இரும்புச் சட்டகத் தாங்கி கடைகளில் கிடைக்கிறது. துப்பாக்கியை அதில் கிடத்தினால் பின்னுதைப்பைச் சட்டகமே வாங்கிக்கொள்ளும், தோள் வலிக்காது. .30-06 போன்ற தோட்டாவை இருபது முறை சுட்ட தோளுக்கு அது பெரிய உதவி. உதை தாங்காமல் விசையை அழுத்தும் முன்பே முகம் சுளிப்பவர்களுக்கும், வயதானவர்களுக்கும், உடல் சிறுத்தவர்களுக்கும் அது தேவைப்படலாம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆயினும் அதில் இரண்டு கேடு இருக்கிறது. எடையை மிகுதியாக ஏற்றித் துப்பாக்கி பின்வாங்கவே இடமில்லாமல் செய்தால், உதையின் முழு விசையும் மரக்கட்டையிலும் ஸ்கோப்பின் பிடிகளிலும் இறங்குகிறது. கட்டை பிளக்கலாம். இரண்டாவது கேடுதான் எனக்குப் பெரிது. குண்டு குழலுக்குள் ஓடும்போதே துப்பாக்கி பின்வாங்கத் தொடங்கிவிடுகிறது. ஏறத்தாழ பத்து கிராம் குண்டு, 3.6 கிலோ துப்பாக்கி, 56 சென்டிமீட்டர் குழல் என்று வைத்துக்கொண்டால், குண்டு வெளியேறும் முன் துப்பாக்கி ஒன்றரை மில்லிமீட்டராவது பின்னே வந்திருக்கும். குழல் தோளுக்கு மேலே இருப்பதால் அது பின்வாங்கும்போதே வாய் உயர்கிறது. எவ்வளவு உயரும் என்பது பின்னால் எது தாங்குகிறது என்பதைப் பொறுத்தது. தோள் ஒரு விதம், இரும்புச் சட்டகம் வேறு விதம். சட்டகத்தில் செய்த ஜீரோ தோளில் வேறு இடத்தில் விழ வாய்ப்புண்டு. சட்டகத்தில் தொடங்குங்கள், கடைசி மூன்று குண்டையாவது தோளில் வைத்துச் சுடுங்கள் என்பதே அதை விரும்புகிறவர்களுக்கு என் பதில்.

நவம்பர் 2, ஞாயிறு

எவ்வளவு அசைவின்மை போதும்? இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். ஒன்றையொன்று சாராத இரண்டு சிதறல்கள் நேராகக் கூடுவதில்லை. வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுக்க வேண்டும். துப்பாக்கியின் சொந்தச் சிதறல் 3 சென்டிமீட்டர், மேசையின் சிதறல் 4 என்றால், அட்டையில் தெரிவது 5. அந்த நிலையில் மேசைதான் குற்றவாளி, ஆனால் பழி துப்பாக்கிமேல் விழும். மேசையின் சிதறலை 1 ஆகக் குறைத்தால் மொத்தம் 3.16. அதற்கு மேல் எவ்வளவு பணம் கொட்டினாலும் மிச்சமிருப்பது அந்த 0.16 மட்டுமே. மேசையின் பிழை துப்பாக்கியின் பிழையில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டால் வாங்குவதை நிறுத்திவிடலாம். மனம் இலேசாகிறது.

மிச்சமாகும் பணம் மணல் பைகளுக்கும் தோட்டாக்களுக்கும் போக வேண்டும். முன்பை முன்கட்டைக்கு அடியில் இருக்கட்டும், குழலுக்கு அடியில் ஒருபோதும் வேண்டாம். குழல் சுடும்போது அதிர்கிறது, எதையாவது தொட்டுக்கொண்டிருந்தால் குண்டு விழும் இடம் மாறும். பின்பையை இடக்கையால் பிசைந்து ஏற்றமும் இறக்கமும் சரிசெய்யலாம். மணல் கனம், பிளாஸ்டிக் மணிகள் நிரப்பிய பை இலேசு. ஆனால் மணல் ஒருமுறை படிந்தால் அப்படியே இருக்கும். ஈர மணலை மட்டும் நிரப்பக் கூடாது, நவம்பர் குளிரில் கல்லாகிவிடும்.

நவம்பர் 3, திங்கள்

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்தள்ளியாயிற்று. ஐந்து மணிக்கு முன்பே இருட்டுகிறது. சனி, ஞாயிறு தவிர வேறு நாள் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

இன்னொரு மறுப்பு, பல வேட்டைக்காரர்களின் வாயில் வருவது. மானின் நெஞ்சுக்கூட்டில் குண்டு விழ வேண்டிய பரப்பு காகிதத் தட்டின் அளவு, சுமார் 20 சென்டிமீட்டர். தட்டுக்குள் விழுந்தால் போதாதா, தாளின் கனத்தை அளந்துகொண்டிருப்பானேன் என்கிறார்கள். இதில் இரண்டு வகைப் பிழையைக் குழப்புகிறார்கள். கை நடுக்கம் சிதறலைத் தரும். ஒருமுறை இடப்பக்கம், மறுமுறை வலப்பக்கம். தவறான ஜீரோ எல்லாக் குண்டையும் ஒரே பக்கம் தள்ளும். தட்டின் நடுவிலிருந்து விளிம்புக்கு 10 சென்டிமீட்டர். ஜீரோவே 6 சென்டிமீட்டர் குடல் பக்கம் விலகியிருந்தால், அந்தப் பக்கம் மிஞ்சுவது 4. பனியில், மூச்சு வாங்க, கையுறையோடு சுடும்போது வரும் நடுக்கத்துக்கு ஒதுக்கிய இடத்தை மேசையில் செய்த பிழை முன்கூட்டியே தின்றுவிட்டது. அதிலும் ஆடும் மேசை இன்னொரு கேடு செய்கிறது. மூன்று குண்டு சுட்டு, அவை சிதறிய இடத்தைப் பார்த்து க்ளிக்கைத் திருப்பி, மறுபடி சுட்டு, எதிர்ப்பக்கம் திருப்பி, மெல்லிய குழலைக் கொதிக்கவைத்து, கடைசியில் தற்செயலாக நடுவில் விழுந்த ஒன்றை ஜீரோ என்று நம்பி வீடு திரும்புகிறார்கள். ஒவ்வொரு முறையும் திருகைத் தொடும் முன் ஐந்து குண்டாவது சுடலாம், குழல் ஆற நேரம் விடலாம். காட்டில் முதல் குண்டு குளிர்ந்த குழலிலிருந்துதான் போகும்.

நவம்பர் 15, சனி

ஒரு மாதத்துக்கு மேலாக மேசைகளைக் கணக்கிட்டிருக்கிறேன். நிலத்தைக் கணக்கில் எடுக்கவே இல்லை. குப்புறப் படுத்து, முதுகுப்பையின் மேல் முன்கட்டையை வைத்து, பின்கட்டைக்கு அடியில் சிறு மணல் பை செருகினால், முறுக்கவோ சாயவோ அங்கே கால்கள் இல்லை. இருக்கையும் இல்லை. சுடும் இடத்துக்கும் இலக்குக்கும் இடையே புல் உயர்ந்திருந்தாலும், நிலம் இறங்கி ஏறினாலும், இடுப்பு வலியால் படுக்க முடியாவிட்டாலும் மேசை வேண்டும்; மற்றபடி நிலத்தைவிட உறுதியான மேசை விற்பனைக்கு இல்லை. மேசையில் கண்டுபிடிப்பது துப்பாக்கி எங்கே சுடுகிறது என்பதை. சுடுகிறவன் எங்கே சுடுகிறான் என்பது மண்டியிட்டும் மரத்தில் சாய்ந்தும் நின்றும் சுட்டால்தான் தெரியும். அதற்கு இந்த மாதம் ஒரு வாரயிறுதிகூட ஒதுக்கவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

வாங்கப் போகிறவர்களுக்கு: மூன்று கால், தனி இருக்கை, உலர்ந்த மணல் நிரப்பிய இரண்டு பைகள், கால்கள் புதையாமல் அடியில் வைக்க மூன்று பலகைத் துண்டுகள். இலக்குக்குப் பின்னால் உயரமான மண்மேடு இல்லாத எந்த இடத்திலும் மேசையை விரிக்காதீர்கள். நாளை சூரியன் எழுவதற்கு அரை மணி நேரம் முன்பு பருவம் தொடங்குகிறது.