நடையைத் தாங்குவது இடுப்பு மட்டுமன்று

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நவீன மருத்துவத்தின் பெருமிதங்களுள் ஒன்று. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி வளர்த்தெடுத்த முறையே இன்றைய அறுவைகளுக்கு அடிப்படை. 2007இல் லான்செட் இதழில் வந்த ஒரு கட்டுரை இதனை 'நூற்றாண்டின் அறுவை' என்று அழைத்தது. அது மிகையான புகழன்று. பல ஆண்டுகளாக இரவில் புரண்டு படுக்க முடியாமல் தவித்தவர்கள், அறுவை முடிந்த சில வாரங்களில் அயர்ந்து உறங்குவதைக் கண்டிருக்கிறேன்.

ஆயினும், தில்லியில் முதியோர் மறுவாழ்வு குறித்து ஆய்வு செய்துவரும் எனக்கு ஒரு கேள்வி தொடர்ந்து எழுகிறது. ஒரே வகை அறுவை, எக்ஸ்ரே படத்தில் குறையில்லை, தையல் ஆறிவிட்டது. ஆறு மாதம் கழித்து ஒருவர் காய்கறி வாங்கச் சந்தைக்கு நடந்து போகிறார். மற்றொருவர் தம் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தேடி நாம் மறுபடியும் இடுப்பையே பார்க்கிறோம். விடையின் பெரும்பகுதி பல நேரங்களில் முழங்காலிலும் முதுகிலும் தோளிலும் இருக்கிறது.

சார்ன்லி இதனை அறிந்திருந்தார். அவர் தம் நோயாளிகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். ஓர் இடுப்பு மட்டும் கெட்டு, நடப்பதற்கு வேறு தடை இல்லாதவர்கள் 'ஏ'; இரண்டு இடுப்புகளும் கெட்டவர்கள் 'பி'; முடக்குவாதம், பக்கவாதம், இதய நோய் போன்ற வேறொன்றும் நடையைத் தடுப்பவர்கள் 'சி'. 'சி' வகுப்பினர் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பதைக் கொண்டு இடுப்பு அறுவையின் வெற்றியை அளக்கக் கூடாது என்பதே இப்பகுப்பின் உட்பொருள். அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. நான் புரட்டிய நோயாளிக் கோப்புகள் பலவற்றில் இந்த ஓர் எழுத்தை எழுதுவதற்குக்கூட இடமில்லை.

நாம் பயன்படுத்தும் அளவுகோல்களிலும் இதே சிக்கல் உண்டு. அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹாரிஸ் 1969இல் வெளியிட்ட ஹாரிஸ் இடுப்பு மதிப்பெண் இன்றும் நம் ஆய்வேடுகளில் பரவலாக இடம்பெறுகிறது. மொத்தம் 100 மதிப்பெண். வலிக்கு 44, செயல்திறனுக்கு 47. நொண்டல், ஊன்றுகோல், நடக்கும் தூரம் ஆகிய மூன்றுக்கும் தலா 11. வீட்டுக்குள் மட்டும் நடப்பவருக்குத் தூரத்துக்கான 11இல் 2தான் கிடைக்கும். அவரைத் தடுப்பது முழங்காலா, மூச்சிரைப்பா என்று அந்தப் படிவம் கேட்பதில்லை. முழங்கால் இழக்கும் மதிப்பெண் இடுப்பின் கணக்கில் கழிகிறது. பெயரளவில் அது இடுப்பின் மதிப்பெண். அளப்பதோ ஒரு முழு உடலை.

கரோல் பாகில் வசிக்கும் என் பெரியம்மாவுக்கு இடுப்பு மாற்று அறுவை நடந்தபோது இவற்றையெல்லாம் அருகிலிருந்து பார்த்தேன். அவருக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம், சர்க்கரை நோயின் துணையாக வந்த வலத்தோள் இறுக்கம், நெடுநாள் முதுகுவலி. அறுவை நன்றாகவே முடிந்தது. பழைய இடுப்பு வலி பல் பிடுங்கியதுபோல் போய்விட்டது என்று அவரே வியந்தார். மறுநாள் வாக்கரைக் கொடுத்து எழுந்து நிற்கச் சொன்னார்கள். வாக்கரைக் கொண்டு நடப்பவர் தம் எடையின் ஒரு பகுதியைக் கைகளால் அழுத்தித் தாங்க வேண்டும். இடுப்பு ஒத்துழைத்தது, தோள் மறுத்தது. தோளைக் காப்பாற்ற இடப்பக்கம் சாய்ந்தார். இட முழங்கால் வீங்கியது. முழங்கால் வீங்கியதும் பயிற்சி நின்றது. பயிற்சி நின்றதும் தொடையின் தசை மெலிந்தது.

வீட்டில் இதற்குக் கிடைத்த விளக்கம் வேறு. "இவ்வளவு செலவு பண்ணியாச்சு, டாக்டரும் நல்லாயிருக்குன்னு சொல்லிட்டார். இனி அம்மாதான் மனசு வைக்கணும்" என்றான் அண்ணன். அவன் கொடியவன் அல்லன். மருத்துவமனைக் காகிதத்தில் எழுதியிருந்ததை நம்பினான். பெரியம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னார்: "இடுப்பைக் கேட்டா, இடுப்பு நல்லாத்தான் இருக்கு. என்னை யார் கேட்டா?"

மொழியும் இந்தக் குழப்பத்தில் பங்கேற்கிறது. தமிழில் 'இடுப்பு' என்ற சொல் புடவை கட்டும் இடத்தையும், கீழ்முதுகையும், தொடை எலும்பு பொருந்தும் மூட்டையும் ஒருங்கே குறிக்கும். இந்தி பேசும் நோயாளி 'கமர்' என்று சொல்லிக் கையை வைக்கும் இடம் ஒரு நாள் முதுகு, ஒரு நாள் புட்டம். மருத்துவர் மனத்திலோ அது ஒரு குறிப்பிட்ட மூட்டு. அறுவைக்குப் பின்னும் 'இடுப்பு வலிக்கிறது' என்று ஒருவர் சொன்னால், புதிய மூட்டில் பழுதா, முதுகெலும்பில் நரம்பு நெருக்கமா என்பதைச் சொல்லைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. விரலால் தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும்.

உடலும் எளிதில் காட்டிக் கொடுப்பதில்லை. இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் பொதுவான நரம்புத் தொடர்பு இருப்பதால், கெட்ட இடுப்பு சில சமயம் முழங்கால் வலியாகவே வெளிப்படும். அத்தகைய வலி அறுவைக்குப் பின் மறைந்துவிடும். முழங்காலின் சொந்த வலி மறையாது. இடுப்பு மடங்கியபடி இறுகிப்போனவர் நிமிர்ந்து நிற்பதற்காகக் கீழ்முதுகைக் கூடுதலாக வளைக்கிறார். அதனால் வந்த முதுகுவலி இடுப்பு சீரானபின் குறையக்கூடும். முதுகெலும்பில் தனி நோய் இருந்தால் அப்படிக் குறையாது. இடுப்பும் முதுகும் இவ்வாறு பின்னிக் கிடக்கும் நிலையை ஆஃபியெர்ஸ்கி, மேக்நாப் ஆகிய இருவர் 1983இல் தனிப்பெயரிட்டு விவரித்தனர். அதே ஆண்டில் கிளிஃபர்ட் வுல்ஃப், காயத்திலிருந்து வரும் செய்திகள் தண்டுவடத்தின் உணர்திறனையே உயர்த்திவிடக்கூடும் என்று காட்டினார். பல இடங்களில் நெடுங்காலம் வலி சுமந்தவருக்கு ஒரு மூட்டை மாற்றிய பின்னும் வலி எஞ்சுவது, அவருடைய மனவுறுதியின் குறையன்று என்பதற்கு இது ஒரு வலுவான காரணம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பிற வலிகள் உள்ளவர்களுக்கு அறுவை வீண் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது பெரும் அநீதி. அவர்களும் கணிசமாகப் பயனடைகிறார்கள். தொடங்கும் இடம் தாழ்ந்திருப்பதால் சென்று சேரும் இடமும் தாழ்ந்திருக்கிறது; இடையில் ஏறிய உயரத்தை நாம் பார்ப்பதில்லை. பெரியம்மா இப்போது இரவில் உறங்குகிறார். எந்த மதிப்பெண்ணைவிடவும் அது அவருக்குப் பெரிது.

செய்ய வேண்டியவை செலவு மிகுந்தவையும் அல்ல. அறுவைக்கு முன் ஒரு மனித உருவ வரைபடத்தைக் கொடுத்து, வலிக்கும் இடங்களையெல்லாம் குறிக்கச் சொல்லலாம். தோளும் மணிக்கட்டும் எடை தாங்குமா என்று முன்கூட்டியே சோதிக்கலாம். பெரியம்மாவுக்குப் பின்னர் வந்த இயன்முறை சிகிச்சையாளர் முதலில் செய்தது, முன்கையை மடித்து ஊன்றிக்கொள்ளும் வாக்கராக மாற்றியதுதான். அடுத்து, முழங்காலுக்குப் படுக்கையிலிருந்தே செய்யும் பயிற்சிகளைத் தந்தார். அதற்கும் மேலாக, அண்ணனை உட்கார வைத்து, இந்த அறுவை எந்த வலியை நீக்கும், எதை நீக்காது என்று விளக்கினார். அன்றிலிருந்து வீட்டில் 'மனசு வைக்கணும்' என்ற சொல் எழவில்லை. அறுவைக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டிய விளக்கம் அது.

மறுவாழ்வு, செவிலியம், பொதுச் சுகாதாரம் ஆகிய துறைகளில் ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அட்டவணையில் இடுப்பு மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நிரலைச் சேருங்கள்: 'வேறு எங்கெல்லாம் வலிக்கிறது?' சார்ன்லியின் ஓர் எழுத்தையாவது குறியுங்கள். அந்த நிரல் இல்லாதபோது, நடக்காதவர் 'ஒத்துழைக்காத நோயாளி' என்று பதிவாகிறார். பிறகு அந்தப் பதிவையே அவருடைய வீடும் நம்பத் தொடங்கிவிடுகிறது.