பொத்தான் திறக்காத கதவு

அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. பீடோங் பக்கத்துத் தோட்டத்து வீட்டிலிருந்து சுங்கை பட்டாணிக்கு அழைத்துப் போய், நான்கு மணி நேரம் காத்திருந்து, திரும்பக் கூட்டி வர வேண்டும். என் சின்னக் காரில் ஏறி இறங்குவதற்குள் மூட்டு வலியில் அவருக்குக் கண் கலங்கிவிடும்.

அதனால்தான், கூலிம் தொழிற்சாலையில் வாங்கும் சம்பளத்தை நம்பிப் பழைய எம்பிவி ஒன்றை வாங்கத் துணிந்தேன். பத்து வயதைத் தாண்டிய வண்டி. பின்னால் இரு பக்கமும் மோட்டாரில் நகரும் கதவுகள். விற்றவர் பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்திக் காட்டினார். கதவு மெல்ல விலகியது.

"கோயில் நடை தெறக்கிற மாதிரி தானா தெறக்குதே!" என்றார் அம்மா.

அந்த ஒரு வார்த்தைக்காகவே கையெழுத்துப் போட்டேன். புஸ்பாகோம் சோதனை, பெயர் மாற்றம் எல்லாம் முறைப்படி நடந்தன. எஞ்சினைப் பற்றி விற்றவரிடம் ஆயிரம் கேள்வி கேட்ட நான், கதவைப் பற்றி ஒன்றுகூடக் கேட்கவில்லை.

நான்காவது மாதம், ஒரு மழை மாலை. சிகிச்சை முடிந்து வீட்டு வாசலுக்கு வந்துவிட்டோம். பொத்தானை அழுத்தினேன். கதவு ஒரு சாண் விலகி நின்றது. 'பீப் பீப்' என்று கத்திவிட்டுத் தானாக மூடிக்கொண்டது. வெளியே இறங்கிக் கைப்பிடியை இழுத்தேன். மீண்டும் அதே ஒரு சாண், அதே சத்தம்.

மறுபக்கக் கதவு திறந்தது. ஆனால் அம்மா இரண்டு இருக்கைகளுக்கு நடுவே நகர்ந்து அந்தப் பக்கம் வர வேண்டும். ஊசி ஏற்றிய கையை ஊன்றக் கூடாது என்று தாதிகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஊன்றாமல் அவரால் நகர முடியவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் ஓடி வந்து தூக்கி இறக்கியபோது, கைக்கட்டில் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. "ஒண்ணுமில்லடி, இறங்கிட்டேன்ல" என்று அம்மா சிரித்தார். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் மாமா வந்தார். தோட்டத்து லாரிப் பட்டறையில் முடி நரைத்தவர். வந்ததும் ஸ்டீயரிங் அருகே இருந்த ஒரு சுவிட்சை அணைத்தார். பிறகு கதவை இரு கையாலும் பிடித்து இழுத்தார். கனமாக இருந்தாலும் கதவு முழுதாகத் திறந்தது!

"கரண்ட நிறுத்திட்டா இது சாதாக் கதவு தாயி. யாரும் சொல்லலையா?"

நான்கு மாதமாக என் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்த சுவிட்ச் அது.

உள் தகட்டைக் கழற்றிக் காட்டினார். மோட்டாரில் பழுதில்லை. கதவு ஓடும் தண்டவாளத்தில் செம்மண் தூசும் பழைய கிரீசும் சேர்ந்து இறுகிக் கிடந்தன. மோட்டார் கம்பி வடத்தை இழுக்கிறது. வடம் கதவை இழுக்கிறது. பாதை இறுகினால் வடத்துக்குச் சுமை கூடும். இழை இழையாகப் பிரியும். கதவு தடைபட்டதும், யாருடைய கையோ சிக்கிவிட்டது என்று எண்ணி அது பின்வாங்கும். பீப் சத்தத்தின் காரணம் அதுதான். வடத்தை மட்டும் மாற்றினோம், சுத்தம் செய்தோம், கதவு ஓடியது.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு மாமா சொன்னதையே சொல்கிறேன். கதவை ஒரு முறை அல்ல, பத்து முறை திறந்து மூடுங்கள். எஞ்சினை அணைத்தும் பாருங்கள். பேட்டரி தளர்ந்திருந்தால் அப்போது தெரியும். மேட்டில் நிறுத்திப் பாருங்கள். நடுவில் முனகுகிறதா, உதறுகிறதா என்று காது கொடுங்கள். ஓரத்து ரப்பரைத் தடவி, கால்மிதியடியைத் தூக்கி ஈரம் பாருங்கள். கடைசியாக, மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கையால் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சுற்றுலா வீடுகள் உண்டு. சிலவற்றில் பொத்தானை அழுத்தினால் ஓர் அறையே சுவரோடு வெளியே நகர்ந்து வரும். பழையதாக வாங்குகிறவர்கள் அங்கேயும் இதையேதான் பார்க்கிறார்கள்: ரப்பர் வெடித்திருக்கிறதா, தரை மூலையில் தண்ணீர் இறங்கி மெத்தென்று ஆகிவிட்டதா, மோட்டார் நின்றால் அறையைக் கையால் உள்ளே தள்ள வழி உண்டா? கதவானாலும் அறையானாலும், நகர்வது என்றாவது நிற்கும். நின்ற பிறகு என்ன செய்வது என்று தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும்.

இப்போது மாதம் ஒரு முறை துணியும் பிரஷுமாகத் தண்டவாளத்தைத் துடைக்கிறேன். அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறார். கதவு கொஞ்சம் முனகினாலும் போதும், உள்ளே இருந்தே குரல் வரும்: "அந்த சுவிட்ச அணைச்சிட்டு இழுடி!"