கால் யாருடையது?

அந்த வீடியோவை ஒரே ஒரு முறைதான் முழுதாகப் பார்த்திருக்கிறேன். 2014 ஆகஸ்ட் 1, லாஸ் வேகாஸ். உலகக் கோப்பைக்கு முன்னால் அமெரிக்கக் கூடைப்பந்து அணி தனக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடிய ஆட்டம். ஜேம்ஸ் ஹார்டன் கூடையை நோக்கிப் போகிறார். தடுக்க எம்பிய பால் ஜார்ஜ் கீழே இறங்கும்போது, வலது கால் கூடையைத் தாங்கும் கம்பத்தின் அடியில் மாட்டுகிறது. முழங்காலுக்குக் கீழே, கால் மடங்கக் கூடாத இடத்தில் மடங்குகிறது. மிச்ச ஆட்டத்தை ஆடாமலேயே கலைந்துவிட்டார்கள்.

நான் அதைப் பார்த்தது, என் முழங்கால் லிகமென்ட் கிழிந்து கட்டிலில் கிடந்தபோது. ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய காலேஜ் நண்பர்களோடு சும்மா ஒரு மேட்ச். ஆஸ்பத்திரியில் அம்மா கேட்ட முதல் கேள்வி: "வேலைக்குப் போற புள்ளைக்கு எதுக்குடா இந்த விளையாட்டெல்லாம்?"

ஜார்ஜைப் பார்த்தும் அமெரிக்காவில் பலர் இதையேதான் கேட்டார்கள், டாலரில். இண்டியானா பேஸர்ஸ் அவரோடு போட்ட புதிய ஐந்தாண்டு ஒப்பந்தம் அந்த சீசனில்தான் தொடங்க இருந்தது. அக்டோபரிலிருந்து ஏப்ரல்வரை 82 ஆட்டம் ஆடும் உடம்புக்குக் கோடை ஒன்றுதான் ஓய்வு. அதையும் நாட்டு அணிக்குக் கொடுத்தால் எப்படி? சம்பளம் ஒருத்தன் கொடுக்க, லாபம் இன்னொருத்தன் பார்க்கிறான் என்று டல்லாஸ் அணியின் அப்போதைய முதலாளி மார்க் க்யூபன் பல காலமாகப் பொருமிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் கோடையில் இவர்கள் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருப்பார்கள் என்று நினைப்பதும் தப்பு. ஆளில்லாத ஜிம்மிலாவது ஆடிக்கொண்டுதான் இருப்பார்கள். மைக்கேல் ஜோர்டன் தன் ஒப்பந்தத்தில் ஒரு தனி விதியே சேர்த்திருந்தார்: யாரோடும், எங்கேயும், எப்போது வேண்டுமானாலும் ஆடுவேன், கிளப் கேட்கக் கூடாது. கடைசியில் 1985இல் அவர் பாதம் உடைந்தது எங்கே? தெருவில் இல்லை, என்பிஏ ஆட்டத்தில்.

போக விடாமல் தடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே 2014இல் ஓர் ஆள் உண்டு, மானு ஜினோபிலி. 2004இல் அர்ஜென்டினாவுக்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்தவர். 37 வயதில் இன்னொரு உலகக் கோப்பை ஆடத் துடித்தார். காலில் எலும்பு விரிசல் இருந்ததால் சான் அன்டோனியோ கிளப் அனுமதிக்கவில்லை. மருத்துவக் காரணம் இருந்தால் கிளப்புக்கு அந்த உரிமை உண்டு. கால் தப்பித்தது. அந்தக் கோடை போனது போனதுதான்.

இதுவரை படித்தவர்கள் நான் ஆட்டக்காரர்கள் பக்கம் என்று முடிவு கட்டியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், பாவ் கசோல் கதையைத் தெரிந்துகொள்ளும்வரை.

2006, ஜப்பான். உலகக் கோப்பை அரையிறுதியில் அர்ஜென்டினாவை ஒரே புள்ளியில் வென்றது ஸ்பெயின். ஆட்டம் முடியும் தறுவாயில் கசோலின் பாத எலும்பு உடைந்தது. இறுதிப் போட்டிக்கு அவர் ஊன்றுகோலோடு வந்து உட்கார்ந்தார். பாவும் ஆடுகிறான் என்று எழுதிய சட்டை போட்டுக்கொண்டு மற்றவர்கள் களமிறங்கினார்கள். கிரீஸை 70-47 என்று நொறுக்கினார்கள். ஸ்பெயினுக்கு முதல் உலகப் பட்டம். தொடரின் சிறந்த ஆட்டக்காரர், ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தவர்தான். படிக்கும்போதே புல்லரிக்கும்.

ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுத்தது மெம்ஃபிஸ். அவர் இல்லாமல் தொடங்கிய அந்த சீசனில் மெம்ஃபிஸ் 22 வென்று 60 தோற்றது. லீக்கிலேயே கடைசி. ஜார்ஜ் இல்லாத பேஸர்ஸும், முந்தைய ஆண்டு 56 ஆட்டங்கள் வென்ற அணி, 38தான் வென்றது. பிளே-ஆஃப் வாய்ப்பு கடைசி நாளில் கைநழுவியது. பதக்க மேடையில் ஏறாதவர்களும் அந்தப் பதக்கத்துக்கு விலை கொடுத்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது அம்மா இல்லை, ஆபீஸில் என் பக்கத்து சீட் அக்கா. நான் படுத்திருந்த ஆறு வாரமும் என் வேலையைச் சேர்த்துச் செய்தவர். திரும்பிப் போனபோது, "கால் பரவால்லையா?" என்று மட்டும் கேட்டார். சும்மா ஆடிய ஒரு மேட்சுக்கு அவர் ஆறு வாரம் இரவு எட்டு மணிவரை உட்கார்ந்திருக்கிறார். என் முழங்கால் என்னுடையது மட்டும்தான் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

ஜார்ஜ் எட்டு மாதம் கழித்து, 2015 ஏப்ரலில் களத்துக்குத் திரும்பினார். அதற்கு அடுத்த ஆண்டுக் கோடையில் ரியோ ஒலிம்பிக். மறுபடியும் அதே நாட்டுச் சட்டை, அதே கால். தங்கத்தோடு வந்தார். எதுக்குப் போன என்று அப்போது யாரும் கேட்கவில்லை. எலும்பு உடைந்தால் மட்டும் நமக்கு வரும் கேள்வி அது.

நான் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை ஆடப் போகிறேன். போகக் கூடாது என்று தோன்றியதே இல்லை. முன்னெல்லாம் ஷூ லேஸ் கட்டும்போது என் முழங்காலை மட்டும் நினைப்பேன். இப்போது அந்த அக்காவையும் நினைக்கிறேன். நினைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுகிறேன்.